இரண்டு முட்டுக் கம்பிகள்

எனக்கும் இரும்புக்கும் ஆகாது. நான் தையல்காரி. துணியைத் தப்பாக வெட்டிவிட்டால்கூட ஒரு மடிப்பு வைத்து, ஒரு பட்டி கொடுத்து எப்படியாவது சமாளித்துவிடுவேன். அன்றைக்கு முன்ஹாலில் இரண்டு உரச் சாக்குகளைக் கவிழ்த்துக் கொட்டியபோது, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். நீளக் கம்பி, குட்டைக் கம்பி, குழாய்க்குள் குழாய், நகம் மாதிரி வளைந்த கொக்கிகள், இரண்டு பக்கமும் காது நீட்டிய நட்டுகள், சுருள் கம்பிகள், எதற்கென்றே தெரியாத தகடுகள். பாதி துருப்பிடித்தது, பாதி இன்னும் பளபளத்தது. நடுவில் நான், கையில் ஒரு ஸ்பேனரோடு.

இவ்வளவும் ஒரு பழைய டிரம் செட்டின் சாமான்கள் என்றுதான் நினைத்தேன். எது எதோடு சேரும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. வயசுக் காலம் முழுக்க அதை வாசித்த மனிதருக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

அந்த மனிதர் என் வீட்டுக்காரர். மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வார நாட்களில் ஃபேக்டரி ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுவார். சனி, ஞாயிறு வந்தால் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று தோட்டத்து இசைக்குழுவோடு போய் டிரம் அடிப்பார். குழு கலைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பிறகு அவருக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்தது. கால் விரலில் ஒரு கொப்புளம். "ஷூ கடிச்சிருக்கும் லா" என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டார். கடைசியில் போன வருஷம் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மனிதர் அறையை விட்டு வருவதில்லை. ஊன்றுகோல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சாய்ந்து கிடக்கும். பாத்ரூமுக்குப் போக மட்டும் எடுப்பார். மற்ற நேரமெல்லாம் கைலியை இழுத்துக் காலை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பார்க்க வருகிறவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த பிஸ்கட் டின்னை வைத்துவிட்டு, "சரியாயிடும்ணே" என்று சொல்லிப் போவார்கள். நானும் அதையேதான் சொன்னேன். சோறு கொடுக்கும்போதும் சொன்னேன், மருந்து கொடுக்கும்போதும் சொன்னேன். இப்படியே படுத்துப் படுத்தே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அப்படிக் கிடந்தவர், ஒரு காலையில் எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பாட்டுச் சத்தம் கேட்டதும் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏய், இந்தா! அந்த டிரம் செட்ட எறக்கு."

நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் சரியாக விழவில்லையோ என்று அறை வாசலுக்கு ஓடினேன்.

"என்னங்க?"

"டிரம்ம எறக்குன்னேன். எறக்கி நிறுத்து. நிறுத்துனப்பறம் என்னைக் கூப்புடு."

வருஷம் முழுக்க ஒரு ஆசையும் சொல்லாத மனிதர் ஒன்று சொல்லிவிட்டார். இவர் மனசு மாறுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் எழுந்து வருவார், வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தச் சுவரை விட்டுத் தொலைவார். விட்டுவிட்டால் மறுபடியும் சுவர்தான். கையைப் பேருக்கு ஒரு தரம் அலம்பிவிட்டு ஏணியைத் தூக்கினேன்.

பாத்ரூமுக்கு மேலே பலகை போட்ட பரண். டிரம்கள் தனியாகத் துணி சுற்றி இருந்தன. இரும்புச் சாமான்கள் மட்டும் சாக்குகளில். என் தம்பி போன தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து வந்தபோது, "அக்கா, நான் எல்லாத்தையும் அழகா அடுக்கி வச்சிட்டேன்" என்று பெருமை அடித்துக்கொண்டது இந்த லட்சணத்தில்தான். உரச் சாக்குகள் இரண்டையும் இழுத்து இறக்குவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது.

கொட்டினேன். உட்கார்ந்தேன். முதலில் அந்த நகக் கொக்கிகளை எடுத்தேன்.

"ஏங்க, நகம் மாதிரி கொக்கி கெடக்குதே, இது எங்க மாட்டணும்?"

"எந்தக் கொக்கி?"

"வந்து பாருங்களேன்."

"அதெல்லாம் பசங்க மாட்டுவானுங்க லா. நான் வருவேன், உக்காருவேன், வாசிப்பேன். நான் என்னத்தக் கண்டேன்?"

உண்மைதான். அந்தக் காலத்து மேடைகள் எனக்கு ஞாபகம் வந்தன. என் தம்பிதான் மத்தியானமே போய் வியர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் மாட்டி நிறுத்துவான். இவர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, தலையை ஒரு தரம் வாரிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கடைசியில் வருவார். உட்காருகிற ஸ்டூலை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி உயரம் பார்ப்பார். அவ்வளவுதான் அவருக்கும் அந்த இரும்புக்கும் இருந்த உறவு. இப்போது அறையில் படுத்துக்கொண்டு என்னை அதிகாரம் பண்ணுகிறார்.

"இன்னுமா முடியல?"

"முடியும், முடியும். சும்மா இருங்க!"

போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே டக் டக்கென்று மாட்டுகிறான். அவனுடையது எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கின புதுச் சாமான். எங்களுடையது அப்படியா? குழுவில் இருந்தவர்கள் காசு சேரும்போதெல்லாம் ஒன்று ஒன்றாக, பழையதாகப் பார்த்து வாங்கினது. பெரிய டிரம் ஒரு செட்டிலிருந்து வந்தது, தட்டு ஸ்டேண்டு வேறொரு செட்டிலிருந்து, மிதிக்கிற பெடல் யாரோ விட்டுவிட்டுப் போனது. ஒரு நட்டு ஏறும் மரையில் இன்னொன்று ஏறாது. ஏறினாலும் பாதியில் நின்றுவிடும். திருப்பினால் வராது. அடச்சே என்று ஸ்பேனரை எறிந்தேன். அது சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுக்க வேண்டியவளும் நான்தான்.

தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வேலைக்காட்டில் இருக்கிறேன், ஷிஃப்ட் முடியட்டும் என்று பதில் போட்டான்.

சரி, இரும்பை இரும்பாகப் பார்த்தால் வேலைக்காகாது என்று என் வழிக்கு வந்தேன். பழைய ரவிக்கையைப் பிரித்தால், தையல் போன இடத்தில் ஊசி ஓட்டை வரிசையாகத் தெரியும். அதை வைத்தே அந்தத் தையல்காரி எங்கே பிடித்தாள், எங்கே விட்டாள் என்று சொல்லிவிடலாம். பெரிய டிரம்மின் மரவளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயிண்ட் சில இடங்களில் மட்டும் நகம் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. கொக்கியை வைத்தேன், உட்கார்ந்துகொண்டது. நீளத் திருகு ஒன்றைக் கொக்கி வழியாக விட்டேன், டிரம்மின் பக்கவாட்டில் இருந்த கூட்டுக்குள் போய் ஏறியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

பெடலில் மிதிப்பலகையையும் அடிக்கிற கட்டையையும் இணைக்கும் தோல்வார் இற்றுப்போய்க் கையோடு வந்தது. அதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. என் பழைய கைப்பையின் வாரை வெட்டி, இரண்டாக மடித்து, கனத்த ஊசி போட்டு மெஷினில் நாலு ஓட்டு ஓட்டினேன். இரும்பு வேலை எல்லாம் இப்படித் தையலாக இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் முடித்திருப்பேன்.

நான் சிக்கிக்கொண்டது சின்ன டிரம்மில். அதை மூன்று கை விரித்துத் தாங்குகிற ஸ்டேண்டு ஒன்று இருக்க வேண்டும் என்று வீடியோவில் பார்த்தேன். எங்கள் குவியலில் இருந்த ஸ்டேண்டுக்கு ஒரு கைதான் மிச்சம். பரணில் மறுபடி தேடினேன், இல்லை. அப்போதுதான் குவியலில் ஒரு பட்டை கண்ணில் பட்டது. அகலமான அலுமினியப் பட்டை, அரை வட்டமாக வளைந்து, பின்னால் கொக்கி போட்டு இறுக்குகிற மாதிரி. உள் பக்கம் மெத்தென்று பஞ்சு வைத்துத் துணி தைத்திருந்தது. தோல் கீறாமல் இருக்க இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அந்த வேலைக்காரனை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். டிரம்மை அதற்குள் வைத்துக் கொக்கியை இறுக்கினேன். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது! ஒரு பிளாஸ்டிக் முக்காலி மேல் தூக்கி வைத்தேன். ஆடவில்லை, அசையவில்லை.

"ஏங்க! வந்து பாருங்க! சின்ன டிரம் நின்னுருச்சி!"

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வந்தார். பல மாதங்களுக்கு அப்புறம் முன்ஹாலுக்கு வந்தார். எனக்குக் கண் கலங்கியது. அவர் பார்த்தது என்னை இல்லை, முக்காலியை. அப்புறம் தரையைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அடிப்பாவி! என்னடி பண்ணி வச்சிருக்க?"

"ஏன், நல்லாத்தான..."

"இது என் இடுப்புப் பட்டைடி! காவடிப் பட்டை! முருகன் சாமானக் கீழ கொட்டி, அதுமேல டிரம்ம வச்சிருக்கியே! கைய மோந்து பாரு, மீன் கவிச்சி வீசுது!"

அவர் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு அலகுக் காவடி எடுப்பவர். விரதம் இருந்து, தன் கையாலேயே பூட்டி, இறக்கியதும் தன் கையாலேயே கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி வைப்பார். அந்த மூட்டையை நான் தொட்டதுகூட இல்லை. பரணில் எலி அந்தத் துணியைக் கடித்துப்போட்டிருக்கிறது, என் தம்பி மகாராசன் அதையும் ஒரு உரச் சாக்கில் அள்ளிப் போட்டு, டிரம் சாக்குக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கியிருக்கிறான். நானும் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, கால்மாட்டில் போட்டு, தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? ரெண்டுமே இரும்பு. ரெண்டுமே கம்பி."

"கண்ணு இல்ல உனக்கு?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டில் முனகியது. சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. ஆசையாகச் செய்த வேலை இப்படி நாறிப்போச்சே என்று குவியலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். தம்பி மேல், எலி மேல், அந்த வெள்ளைக்காரன் மேல்கூட.

அழுது என்ன ஆகப்போகிறது? எழுந்து தலைக்குக் குளித்தேன். மஞ்சள் தண்ணீர் கரைத்துக் காவடிச் சாமான்களைத் துடைக்கலாம் என்று வந்தால், எது காவடி, எது டிரம் என்று எனக்கு எங்கே தெரிந்தது? மூடின கதவுக்கு முன்னால் நின்று கத்தினேன்.

"உங்க சாமான நீங்களே வந்து பொறுக்குங்க! நான் மறுபடி தப்பாத் தொட்டா அதுக்கும் திட்டுவீங்க!"

நான் எதிர்பார்க்கவில்லை, கதவு திறந்தது. தோளில் துண்டோடு வந்தார், தரையில் இறங்கி உட்கார்ந்தார். டிரம்மில் ஒரு திருகும் தெரியாத மனிதர், காவடி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினார். "இது தோளுக்கு. இது வளைவு. இது மயில் தோகை செருகுறது." நான் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, முக்காலி மேல் இடுப்புப் பட்டையை வைத்து அவர் ஒவ்வொன்றாகப் பூட்டினார். சாயங்காலத்துக்குள் எங்கள் முன்ஹாலில் காவடி நின்றது, தோகையும் சாமி படமும் இல்லாத வெறும் கூடாக. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அடுத்த தைப்பூசத்துக்கு எடுப்பேன்."

"எடுக்கலாம்ங்க. எல்லாம் சரியாயிடும்" என்றேன், பழக்க தோஷத்தில்.

ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. காவடிச் சாமான் போனதும் குவியல் பாதியாகிவிட்டது. மிச்சம் இருப்பதெல்லாம் டிரம்தான். மறுநாள் காலையில் பசியாறினதும் உட்கார்ந்தேன். தட்டு ஸ்டேண்டுகள் நின்றன. ஒன்றின் மேல் ஒன்று மோதுகிற ஜோடித் தட்டும் ஏறியது. சின்ன டிரம்முக்கு இன்னொரு முக்காலி மேல் ஒரு தலையணை வைத்துச் சமாளித்தேன். வலது காலுக்கு இருக்க வேண்டிய பெடலை நானாகவே இடது பக்கம் நகர்த்தி மாட்டினேன். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கைலியைச் சரிசெய்தார். குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டு இடது காலால் பெடலை மிதித்தார்.

பெரிய டிரம் 'தொம்' என்றது, என்றபடியே வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. இன்னொரு மிதி. டிவி மேசையில் போய் இடித்தது.

"என்னடி, ஓடுது?"

"இருங்க, இருங்க."

செங்கல் ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தேன். மிதித்தார். செங்கலையும் தள்ளிக்கொண்டு போனது. கீழே கோணி போட்டேன். கோணியோடு உருண்டது. கயிறு எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். கட்டினதும், முன்னால் ஓடாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"மாட்டக் கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கா" என்றார்.

"நீங்கதான் வாசிச்சீங்க! எப்படி நின்னுச்சின்னு சொல்லுங்களேன்!"

"நின்னுச்சி. அவ்ளோதான் தெரியும்."

டிரம் ஓடுகிறது என்று தம்பிக்கு மெசேஜ் போட்டேன். பட்டணத்தில் இரும்பு ஒட்டுகிற சீனர் கடைக்குப் போன் பண்ணிப் படம் அனுப்பினேன். "இனி பாராங் லாமா லா, காக்" என்றார். இது பழங்காலத்துச் சாமான், இதற்கு அளவே வேறு, கொண்டுவந்து போட்டுவிட்டுப் போ, அடுத்த மாதம் பார்க்கிறேன் என்றார். அடுத்த மாதம்! என் வீட்டில் அடுத்த மணி நேரத்துக்கே உத்தரவாதம் இல்லை.

அவர் குச்சிகளைச் சின்ன டிரம் மேல் வைத்துவிட்டார். "வுட்டுத் தொல. எல்லாத்தையும் மூட்ட கட்டி மேல போடு" என்று ஊன்றுகோலைத் தேடினார். இப்போது அறைக்குள் போனால் இந்த மனிதர் இனி வரவேமாட்டார்.

நல்ல வேளையாகத் தம்பி அப்போது கூப்பிட்டான்.

"அக்கா, நேத்துலேர்ந்து ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்தாப்ல, இப்பதான் முடிஞ்சிச்சி. என்னாக்கா, டிரம் ஓடுதா? ஓடத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் முட்டுக் கம்பி போட்டியா?"

"என்ன கம்பிடா?"

"பெரிய டிரம்முக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும் பாரு. அதுல சாய்வா ரெண்டு கம்பி எறங்கி நிக்கும். நுனியில கறுப்பு ரப்பர் போட்டிருக்கும். தரைய அதுதான்க்கா புடிக்கும். அது இல்லாம மிதிச்சா அலோர் ஸ்டார் வரைக்கும் ஓடும் லா."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிரம்மைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு ஓட்டைகள், விளிம்பெல்லாம் கம்பி உரசி உரசிப் பளபளவென்று இருந்தன. சாக்குகளை உதறினேன். பரணில் ஏறினேன். சோபாவை நகர்த்தினேன், அலமாரிக்கு அடியில் துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவினேன். அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூசியோடு நிமிர்ந்தபோது எதிரில் காவடி நின்றது. இடுப்புப் பட்டையிலிருந்து தோள் வளைவு வரைக்கும், முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு இரண்டு கம்பிகள். மற்றதெல்லாம் வெளிறின அலுமினியம், இவை இரண்டு மட்டும் கனத்த எஃகு. நுனியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. கிட்டே போய் நூலை விலக்கினேன். கறுப்பு ரப்பர்.

காவடிக்கு எதற்கு ரப்பர்?

திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"ஒரு வருஷம் பாதி வழியில அலுமினியக் கம்பி வளைஞ்சிருச்சி. குழுவும் அப்ப கலைஞ்சிபோச்சி. சும்மா கெடக்குதேன்னு நான்தான் கழட்டிப் போட்டேன்."

"நான் சோபாவுக்கு அடியில படுத்துத் தேடுறேன், பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க!"

"சொன்னா நீ கழட்டுவ."

"கழட்டாம? பின்ன எதுக்கு என்னை நிறுத்தச் சொன்னீங்க? ரெண்டு நாளா இந்த இரும்போட மாரடிக்கிறேன். தைக்கக் குடுத்தவங்கள்லாம் வாசல்ல வந்து நிக்கிறாங்க. எனக்கென்ன கிறுக்கா?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காவடிக்குப் பக்கத்தில் போனேன்.

"கைய வைக்காத!" அப்படி ஒரு குரல். "தைப்பூசத்துக்கு அது வேணும். நான் காவடி எடுக்கணும்."

"எந்தக் கால வச்சிக்கிட்டு நடப்பீங்க?"

வாயை விட்டு வந்துவிட்டது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேச்சு. ஆஸ்பத்திரியில் டாக்டர்கூட அதைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாவி, இப்படிக் கேட்டுவிட்டாயே என்று என்னை நானே வைதுகொண்டு நின்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை, கத்தவும் இல்லை. காவடியைப் பார்த்தார்.

"கற்பூரம் இருக்கா?" என்றார்.

ஏற்றிக் காட்டினேன். அவர் தரையில் இறங்கி, கையை ஊன்றி நகர்ந்து காவடிக்கு அடியில் போனார். நகரும்போது கைலி விலகியது. எப்போதும் சட்டென்று இழுத்து மூடிக்கொள்கிறவர், அதைக் கவனிக்கவே இல்லை. தழும்பு முழுசாகத் தெரிந்தது. கம்பியைக் கழற்றினால் மேல் வளைவு சரியும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முதலில் வளைவுக்கு அடியில் தோளைக் கொடுத்தார். பிறகு காது நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகினார். இரண்டு கம்பிகளும் கழன்றன. காவடியின் பாரம் அவர் தோளில் இறங்கியது.

நான் தூக்கிவிட ஓடினேன்.

"இரு" என்றார்.

அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வளைவைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே அதைச் சுமந்தார். உதடு மட்டும் அசைந்தது. வேண்டினாரா, மன்னிப்புக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ம், இப்ப எடு."

தூக்கிச் சுவரில் சாய்த்தேன். அவர் கம்பிகளைக் கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினார். டிரம்மின் ஓட்டையில் விட்டேன். திருகவோ தட்டவோ வேண்டியிருக்கவில்லை, தன் வீட்டுக்கு வந்த மாதிரி போய் உட்கார்ந்தது. சாய்வாக இறக்கி நட்டை இறுக்கினேன். ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டது.

அவர் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து இடது காலால் மிதித்தார். டிரம் அசையவில்லை. ஆனால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கை அடித்து முடித்த பிறகுதான் கால் வந்து சேர்ந்தது. முகத்தைச் சுளித்தார். இன்னொரு தரம் அடித்தார், அதுவும் பிந்தியது. குச்சியை எறியப்போகிறார் என்று நினைத்தேன்.

எறியவில்லை. என்னைப் பார்க்காமல், டிரம்மைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு வருஷமா எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னீங்க. எது சரியாகும்? வெட்டுன காலு மொளைக்குமா? இவளாச்சும் ஒரு நாள் உண்மையச் சொல்ல மாட்டாளான்னு பார்த்துக்கிட்டே கெடந்தேன்டி."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், பொத்தியும் சத்தம் வந்தது.

"ஏய், சும்மா இரு. நீ அழுதா எனக்குத் தாளம் தப்புது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதித்தார்.